பட்டடைக்கல்மேல் ஒரு தலை: செவாலியே கதைகள் ஏன் இன்னும் சலிக்கவில்லை

1170-களின் பிற்பகுதி. பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் பிளேர் என்ற ஊருக்கு வெளியே ஒரு டூர்னமென்ட், அதாவது குதிரைவீரர்கள் மோதும் போட்டி, முடிந்திருக்கிறது. அன்றைக்கு நன்றாகச் சண்டை போட்டவருக்குப் பரிசு ஒரு பெரிய ஆற்று மீன். அது வில்லியம் மார்ஷல் என்ற இங்கிலாந்து வீரருக்கே போக வேண்டும் என்று பிரபுக்கள் பேசி முடிக்கிறார்கள். மீனைத் தூக்கிக்கொண்டு தேடினால் ஆளைக் காணோம். கடைசியில் ஒரு கொல்லன் பட்டறையில் அகப்படுகிறார். தலையைப் பட்டடைக்கல்மேல் வைத்துக் குனிந்திருக்கிறார். கொல்லன் சுத்தியலும் குறடுமாக அவருடைய தலைக்கவசத்தை நெம்பிக்கொண்டிருக்கிறான். வாங்கிய அடியில் கவசம் நசுங்கிக் கழுத்தோடு இறுகிப்போய்விட்டது.

மார்ஷல் 1219-ல் இறந்த பிறகு அவருடைய மகன் எழுதவைத்த பிரெஞ்சுச் செய்யுள் நூலில் வருகிற காட்சி இது. 19,214 அடிகள். இடைக்கால வீரர் ஒருவரின் பிழைப்பை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் நூல்கள் மிகக் குறைவு. அந்த டூர்னமென்ட் நடந்த காலத்தில், அதே ஷாம்பெய்ன் சீமையில் எழுதப்பட்ட, பிரிட்டனின் பழங்கதை மன்னன் ஆர்தரின் கதைகளில் எந்த வீரனும் கொல்லனிடம் தலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்லை. இரண்டையும் கேட்டவர்கள் ஒரே வகை ஆட்கள்தான். தங்கள் பிழைப்பு எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்தக் கதைகளை விரும்பிக் கேட்டார்கள்.

முதலில் சொல் வழக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். நைட் என்று தமிழில் எழுதினால் இரவா என்று தோன்றும். மாவீரர் என்றால் குதிரை காணாமல் போகும். நமக்குப் பழகிய சொல் ஒன்று இருக்கிறது: செவாலியே. 1995-ல் பிரெஞ்சு அரசு சிவாஜி கணேசனுக்குக் கொடுத்த பட்டம். தியாகராய நகரில் தெருப்பெயராகவும் ஆகிவிட்டது. பிரெஞ்சில் ‘ஷெவால்’ என்றால் குதிரை, செவாலியே என்றால் குதிரைக்காரர். ஷிவல்ரி என்ற ஆங்கிலச் சொல்லும் அதே லாயத்திலிருந்து வந்ததுதான். ஆரம்பத்தில் அதற்குக் குதிரை ஏறிச் சண்டை போடும் கூட்டம் என்பதற்குமேல் பெரிய பொருள் கிடையாது. பெண்களிடம் பணிவு, எளியோருக்கு உதவி என்பதெல்லாம் பிற்பாடு ஏறிக்கொண்டவை.

மார்ஷல் நாலாவது பிள்ளை. நிலம் கிடையாது. ஐந்தாறு வயதில் அவரை இங்கிலாந்து மன்னர் ஸ்டீபனிடம் பிணையாக விட்டுவிட்டு, கொடுத்த வாக்கை அவருடைய அப்பா மீறினார். பையனைத் தூக்கில் போடுவேன் என்று மன்னர் ஆளனுப்பியபோது, “இன்னும் நல்ல பிள்ளைகளை அடித்துச் செய்ய என்னிடம் சுத்தியலும் பட்டடையும் இருக்கிறது” என்று அப்பா பதில் சொன்னதாக அந்த நூல் சொல்கிறது. மன்னருக்கு மனசு வரவில்லை, பையன் பிழைத்தான். வளர்ந்து டூர்னமென்ட்டில் சம்பாதித்து, பெம்புரோக் பிரபுவாகி, 1216-ல் சிறுவன் மூன்றாம் ஹென்றிக்காக நாட்டையே நிர்வகிக்கும் இடத்துக்கு வந்தார்.

சம்பாதித்து என்று சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. அந்தக் கால டூர்னமென்ட், சினிமாவில் காட்டுவதுபோல் வேலிக்கு இரண்டு பக்கமும் இருவர் ஓடிவந்து ஈட்டியால் இடித்துக்கொள்வது அல்ல. அது பிந்திய காலத்து வடிவம். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டு ஊர்களுக்கு நடுவே, வயல் தோப்பு தெரு என்று பார்க்காமல், மைல்கணக்கான பரப்பில் இரண்டு கட்சிகள் மோதும். ஒதுங்கி மூச்சு வாங்க வேலி கட்டிய இடங்கள் சில இருக்கும். கொல்வது நோக்கமல்ல, கொன்றால் நஷ்டம். எதிராளியின் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டால் குதிரையும் கவசமும் பிடித்தவருக்கு; பிடிபட்டவர் மீட்புப் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். மார்ஷல் இன்னொரு வீரரோடு கூட்டு வைத்துப் பத்தே மாதத்தில் 103 பேரைப் பிடித்தார். கணக்கு எழுதிவைத்தவர் அவருடைய எஜமானரின் சமையல்கட்டு எழுத்தர். கடைசிப் படுக்கையில், பறித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தால்தான் மோட்சம் என்று யாரோ ஆரம்பிக்க, ஐந்நூறு பேரைப் பிடித்திருக்கிறேன், எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது என்று மார்ஷல் கேட்டாராம். பாதிரிமார் எங்களை ரொம்பத்தான் மழிக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

திருச்சபை 1130-லேயே கிளர்மான் மன்றத்தில் டூர்னமென்ட்டைத் தடை செய்தது. அதில் செத்தவருக்குக் கிறிஸ்தவ அடக்கம் கிடையாது என்றது. யாரும் சட்டை செய்யவில்லை. 1316-ல் போப்பே தடையை விலக்கிக்கொண்டார். நடுவில் இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்டு 1194-ல் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார்: ஐந்து இடங்களில் மட்டும் அனுமதி, ஆளுக்குக் கட்டணம். ஏர்ல் என்ற பெரும்பிரபு என்றால் 20 மார்க் (அந்தக் காலப் பணக்கணக்கு), அவருக்கு அடுத்த பாரன் 10, நிலமுள்ள செவாலியே 4, நிலமற்றவர் 2.

உடுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மார்ஷல் போட்டிருந்தது வளையக் கவசம். சில பத்தாயிரம் இரும்பு வளையங்கள்; ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ள நான்கோடு கோத்து, முனையைத் தட்டையாக்கி ஆணியடித்து மூடியது. எடை 10 முதல் 15 கிலோ, பெரும்பகுதி தோளில் தொங்கும். இடுப்பில் வார் கட்டித் தூக்கிக் கொடுத்தால்தான் நாள் முழுக்கத் தாங்கும். வாளின் வெட்டை அது நிறுத்தும், அடியின் வேகத்தை நிறுத்தாது. தோல் கிழியாமலே எலும்பு முறியும். அதனால்தான் உள்ளே பஞ்சு திணித்துத் தைத்த தடித்த சட்டை. 15-ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ இருக்கும். எடை உடம்பெங்கும் பிரிந்துவிடுவதால் வளையத்தைவிட அது வசதி. செவாலியேயைக் கப்பி வைத்துத் தூக்கிக் குதிரைமேல் உட்காரவைத்தார்கள் என்பது சுத்தக் கட்டுக்கதை. பூசிக்கோ என்ற பிரெஞ்சுத் தளபதி தலைக்கவசம் நீங்கலாக எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு குட்டிக்கரணம் போட்டார். சாய்த்துவைத்த ஏணியின் அடிப்பக்கமாகக் கையாலேயே தொங்கி ஏறினார். ஒரு கை வாள் ஒன்றேகால் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். கவசத்தின் உண்மையான தொல்லை எடையல்ல. சூடு, மூச்சு, பார்வை. மூடிய தலைக்கவசத்தில் விரல் நுழையாத ஒரு கீற்று வழியாகத்தான் உலகம் தெரியும். யார் நண்பன், யார் எதிரி என்று கேடயத்தின் வண்ணத்தைப் பார்த்தே கண்டுகொள்ள வேண்டும். முகம் தெரியாத வீரன் யாரோ வந்து எல்லாரையும் சாய்த்துவிட்டுப் போகும் அந்தப் பழைய கதைத் திருப்பம், தலைக்கவசம் கொடுத்தது.

இப்படிப் பயிற்சி பெற்ற, ஆயுதம் தாங்கிய, நிலமில்லாத இளைஞர்கள் ஊரெங்கும் திரிந்தால் என்ன ஆகும்? அவர்களுக்குக் கடிவாளம் வேண்டியிருந்தது. திருச்சபை ஒரு பக்கம் மிரட்டியது, மன்னர்கள் ஒரு பக்கம் கட்டணம் போட்டார்கள். கதைசொல்லிகள் செய்தது வேறு. விதிகளைப் போட்டுவிட்டு, மிக நல்லவன் எப்படி அதை மீறுகிறான் என்று காட்டினார்கள். என் கணிப்பில் இந்தக் கதைகள் சலிக்காததற்குக் காரணம் இதுதான். வீரத்தைச் சொல்லும் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. நல்லவன் தன் வாக்குக்குள்ளேயே மாட்டிக்கொண்டு தடுமாறுவதை இவ்வளவு நுட்பமாகத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவை குறைவு.

ஆர்தருக்கு முழு வாழ்க்கை வரலாறு தந்தவர் மான்மவுத் ஊர் ஜெஃப்ரி. 1130-களின் இறுதியில் லத்தீனில் எழுதிய அவருடைய ‘வரலாறு’ பெரும்பாலும் கற்பனை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே நியூபர்க் வில்லியம் என்ற துறவி அவரைப் பொய்யர் என்று எழுதிவிட்டார். ஆனாலும் 200-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. 1155-ல் வேஸ் என்ற கவிஞர் அதைப் பிரெஞ்சுச் செய்யுளாக்கும்போது ஒரு சாமானைச் சேர்த்தார்: வட்டமேசை. யார் தலைமாட்டில் உட்காருவது என்ற சண்டை வராமலிருக்க. கதை கட்டுகிறவனுக்கு இதைவிட வசதியான தளவாடம் கிடையாது. நாற்காலியைக் கூட்டிக்கொண்டே போகலாம். புது எழுத்தாளன் வந்தால் புது வீரனோடு வந்து உட்காரலாம். பின்னால் வந்தவர்கள், தகுதியற்றவன் உட்கார்ந்தால் சாகும் ஒரு காலி ஆசனத்தையும் போட்டுவைத்தார்கள்.

உள்ளே உயிரைக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியான் த திருவா. ஷாம்பெய்ன் கோமகள் மாரியின் ஆதரவில், 1170, 80-களில் எழுதியவர். ஆர்தரின் வீரன் லான்சலாட் முழுநீளக் கதாநாயகனாக வருவது இவரிடம்தான். அந்தக் கதை, கேட்பது இன்னதென்று தெரியாமலே ‘தருகிறேன்’ என்று ஆர்தர் வாய்விடுவதில் தொடங்குகிறது. தசரதன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொறி புதிதல்ல. விளைவு, ஆர்தரின் அரசி குவினிவியர் கடத்தப்படுகிறாள். தேடிப்போகும் லான்சலாட்டின் குதிரை செத்துவிட, வழியில் ஒரு வண்டி வருகிறது. குற்றவாளிகளை ஏற்றி ஊரைச் சுற்றும் வண்டி. நம்மூரில் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவதற்குச் சமம். அரசி போன திசை வேண்டுமென்றால் ஏறு என்கிறான் வண்டிக்காரக் குள்ளன். லான்சலாட் தயங்குகிறான். இரண்டே எட்டு. பிறகு ஏறிவிடுகிறான். அதற்குப் பிறகு வாள்முனைப் பாலத்தைக் கையும் காலும் கிழியக் கடந்து, எதிரியோடு மோதி, அவள் முன்னால் போய் நின்றால், அரசி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஏன் என்று நெடுநேரம் கழித்துத்தான் தெரிகிறது: அந்த இரண்டு எட்டு. மானத்தைக் காப்பாற்று என்பது ஒரு விதி, காதலுக்காக எதையும் செய் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது என்பதைக் கிரெத்தியான் இரண்டு எட்டில் அளந்து காட்டிவிட்டார்.

அவருடைய பெர்சிவல் கதையில் நேர்மாறு. காட்டில் வளர்ந்த பையன். அதிகம் பேசாதே என்று அவனுக்குச் சண்டை கற்றுக்கொடுத்த பெரியவர் சொல்லியிருக்கிறார். ஊனமுற்ற மன்னன் ஒருவனின் மாளிகையில் இரத்தம் சொட்டும் ஈட்டியும், ஒளிவீசும் கிரெயில் பாத்திரமும் அவன் கண்முன்னே போகின்றன. யாருக்காக அது என்று கேட்டிருந்தால் மன்னன் குணமாகியிருப்பான். பையன் சொன்ன சொல் தவறாமல் வாயைத் திறக்கவில்லை. விதியைக் கடைப்பிடித்ததே பிழையாகிவிட்டது. கிரெத்தியான் இதை முடிக்காமலே விட்டார். முடிவைத் தேடி வேறு கைகள் ஆயிரக்கணக்கான அடிகளைத் தொடர்ந்து எழுதின.

ஆங்கிலத்தில் இந்தக் கதைகளையெல்லாம் ஒரே நூலாக்கியவர் சர் தாமஸ் மாலரி. பெரும்பாலான ஆய்வாளர்கள் அவரை வாரிக்‌ஷயரின் நியூபோல்டு ரெவெல் ஊர்க்காரராக ஏற்கிறார்கள். அவர்மேல் 1450-களில் இருந்த வழக்குகள்: பதுங்கியிருந்து கொலைமுயற்சி, பாலியல் வன்முறை, மாடு திருட்டு, மிரட்டிப் பணம் பறித்தல், மடத்தில் கொள்ளை. ஒருமுறை அகழியை நீந்தித் தப்பினார். செவாலியே அறத்தின் இலக்கணத்தை எழுதிய கை இது. 1469-70-ல் எழுதி முடிக்கும்போதும் சிறையிலிருந்து விடுதலைக்காக வாசகர்களைப் பிரார்த்திக்கச் சொல்கிறார். அச்சுக்காரர் காக்ஸ்டன் அதை 1485 ஜூலை 31-ல் அச்சிட்டு முடித்தார்.

மாலரியின் வட்டமேசை உறுதிமொழியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள்: கொடுமையும் கொலையும் செய்யக்கூடாது, துரோகத்தை விட்டு விலக வேண்டும், இரக்கம் கேட்பவனுக்கு இரங்க வேண்டும், பெண்களுக்கு எப்போதும் துணைநிற்க வேண்டும், அவர்களை வற்புறுத்தினால் மரண தண்டனை, பொருளாசைக்காகத் தவறான வழக்கில் வாளெடுக்கக்கூடாது. ஒவ்வொரு பெந்தெகொஸ்தே திருநாளிலும் எல்லாரும் இதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முந்தைய சில பக்கங்களில் நடப்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. வட்டமேசை வீரன் கவேன் ஒருவனைத் தோற்கடித்து, அவன் இரக்கம் கேட்டும் மறுத்து, வாளை ஓங்குகிறான். தோற்றவனுடைய காதலி குறுக்கே விழ, வெட்டு அவள் கழுத்தில் இறங்குகிறது. பெல்லினோர் மன்னன் ஒரு தேடலில் வேகமாகப் போகையில், காயம்பட்ட காதலனை மடியில் கிடத்திய பெண் உதவி கேட்டுக் கதறுகிறாள். அவன் நிற்கவில்லை. திரும்பி வரும்போது அவள் செத்துக் கிடக்கிறாள். அரண்மனைக்கு வந்தபிறகு தெரிகிறது, அவள் அவன் மகள். உறுதிமொழியின் வாசகங்கள் இந்த இரண்டு சாவுகளுக்குப் பிறகு வருகின்றன. பட்டுத் தெரிந்துகொண்டு எழுதிய சட்டம் அது.

இந்த வகையில் எல்லாவற்றிலும் செறிவானது 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய 2,530 அடி ஆங்கிலச் செய்யுள், கவேனும் பச்சை வீரனும். ஒரே ஒரு கையெழுத்துப் படிதான். 1731-ல் அது இருந்த நூலகம் எரிந்தபோதும் தப்பியது. புத்தாண்டு விருந்தில் பச்சை உடம்பும் பச்சைக் குதிரையுமாக ஒருவன் வந்து, என்னை ஒரு வெட்டு வெட்டு, ஓராண்டு கழித்து நான் திருப்பித் தருவேன் என்கிறான். கவேன் தலையைத் துண்டாக்க, அவன் தலையைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறான். மறுவருடம் வாக்கைக் காப்பாற்றக் கவேன் கிளம்பும்போது அவன் கேடயத்தில் ஐந்துமுனை நட்சத்திரம். கையெடுக்காமல் போட்ட கோலம்போல ஒரே கோடு. ஐம்புலன் முதல் ஐந்து நற்குணம் வரை ஐயைந்து இருபத்தைந்து பொருள்களை அதில் ஏற்றிக் கவிஞர் விளக்குகிறார். ஓர் இடத்தில் அறுந்தால் முழுதும் அறும்.

வழியில் ஒரு கோட்டையில் தங்குகிறான். கோட்டைத் தலைவன் விளையாட்டாக ஓர் ஒப்பந்தம் போடுகிறான்: மூன்று நாள் நான் வேட்டையில் பெறுவது உனக்கு, நீ வீட்டில் பெறுவது எனக்கு. தலைவனின் மனைவி கவேனின் படுக்கையருகே வருகிறாள். முதல் நாள் ஒரு முத்தம்; மாலையில் மானுக்குப் பதிலாக அதைத் தலைவனுக்குக் கொடுத்துவிடுகிறான். இரண்டாம் நாள் இரண்டு முத்தம், காட்டுப்பன்றி. மூன்றாம் நாள் மூன்று முத்தத்தோடு ஒரு பச்சை இடைக்கச்சையும். அணிந்தவனைக் கொல்ல முடியாது என்கிறாள். அன்று மாலை வந்த நரிக்கு மூன்று முத்தத்தை மட்டும் கொடுக்கிறான் கவேன். கச்சையை ஒளித்துக்கொள்கிறான். பச்சை வீரனிடம் கழுத்தை நீட்டியபோது முதல் ஓங்கலில் தோளைச் சுருக்குகிறான். இரண்டாவது வெறும் பாவனை. மூன்றாவதில் தோல் மட்டும் கீறிச் சொட்டு இரத்தம். கோட்டைத் தலைவனும் பச்சை வீரனும் ஒருவனே. இரண்டு நாள் நேர்மைக்கு இரண்டு ஓங்கல், மூன்றாம் நாள் ஒளித்ததற்கு ஒரு கீறல். உயிராசை, அதனால் குற்றம் பெரிதில்லை என்கிறான் அவன். கவேனால் தன்னை மன்னிக்க முடியவில்லை. ஊர் திரும்பி வெட்கத்தோடு சொன்னால் சபை சிரிக்கிறது, ஆளுக்கொரு பச்சைக் கச்சை கட்டிக்கொள்கிறது. அவனுக்கு அவமானச் சின்னம், அவர்களுக்கு அணி. யார் சரி என்று கவிஞர் சொல்வதில்லை.

நிஜ செவாலியேக்கள் இந்தக் கதைகளைப் படித்து அப்படியே நடந்தார்களா? தங்களுக்குள் நடந்தார்கள். இங்கிலாந்தின் ‘கறுப்பு இளவரசர்’ எட்வர்டு 1355-ல் போர்தோவிலிருந்து நார்போன் வரை இரண்டு மாதம் ஊர்களைக் கொளுத்திக்கொண்டே போனார். எரிந்தவை குடியானவர்களின் வீடுகள். உறுதிமொழியில் அவர்களுக்கு இடமில்லை. அடுத்த ஆண்டு புவாத்தியே போரில் பிரெஞ்சு மன்னர் ழானைச் சிறைபிடித்த அன்று இரவு, அதே எட்வர்டு விருந்தில் உட்கார மறுத்து, நின்றபடி மன்னருக்குப் பரிமாறினார் என்கிறார் அந்தக் கால வரலாறு எழுதிய ஃபுருவசார். ழானின் விலை 30 லட்சம் பொற்காசு. பணம் முழுதும் தீரும்வரை பிணையாக விட்டுவந்த மகன் 1363-ல் ஓடிப்போக, மன்னர் தானே லண்டனுக்குத் திரும்பி, 1364-ல் அங்கேயே இறந்தார். பிரான்சில் ஆலோசகர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். கிரெத்தியான் உயிரோடிருந்தால் எழுதியிருப்பார்.

மன்னர்களுக்கு இந்தக் கதை வேறு வகையிலும் பயன்பட்டது. 1184-ல் எரிந்துபோன, இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மடம், 1191-ல் ஆர்தரின் கல்லறையைத் தோண்டியெடுத்ததாக அறிவித்தது. கட்டடத்துக்குப் பணம் தேவைப்பட்ட நேரம். வின்செஸ்டர் மண்டபச் சுவரில் 18 அடி விட்டமுள்ள ஓக் மேசைப் பலகை தொங்குகிறது. எடை 1,200 கிலோ. முதலாம் எட்வர்டு காலத்தில், 1290 வாக்கில் செய்தது. மேலே இருக்கும் வண்ணமும் 24 வீரர்களின் பெயரும் எட்டாம் ஹென்றி பூசவைத்தவை. நடுவில் பூத்திருக்கிற ரோஜா ஆர்தருடையதல்ல, டியூடர் குடும்பத்தினுடையது.

பிறகு ஸ்பெயினின் செர்வான்டிஸ் 1605-ல் தன் ‘டான் கிஹோத்தே’ நாவலில் கிண்டல் செய்தார், 19-ஆம் நூற்றாண்டு மறுபடி தலைமேல் வைத்துக் கொண்டாடியது. 1839 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எக்லின்டன் பிரபு தன் தோட்டத்தில் டூர்னமென்ட்டை அப்படியே நடத்திக் காட்ட முயன்றபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடினார்கள். மழை கொட்டியது. ‘டூர்னமென்ட்டின் மன்னர்’ குடை பிடித்துக்கொண்டு வந்தார். மார்ஷல் பார்த்திருந்தால் மழையைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். குதிரை யாருக்குப் போயிற்று என்று கேட்டிருப்பார்.

மாலரி தன் கதையை முடிக்கும் இடத்தில் பெரும் போர் ஓய்ந்துவிட்டது. லான்சலாட் அந்தக் களத்துக்கு வந்து சேரவில்லை, கவேன் இல்லை, ஆர்தர் குற்றுயிராகக் கிடக்கிறான். மிச்சமிருக்கும் வீரன் பெடிவேரிடம் தன் வாள் எக்ஸ்காலிபரைக் கொடுத்து, நீரில் எறிந்துவிட்டு, கண்டதை வந்து சொல் என்கிறான். பிடியில் பதித்த மணிகளைப் பார்த்த பெடிவேர், வாளை மரத்தடியில் ஒளித்துவிட்டு வந்து நிற்கிறான். என்ன கண்டாய்? அலையும் காற்றும்தான். பொய் சொல்கிறாய், போ என்கிறான் மன்னன். மறுபடியும் போய் மறுபடியும் ஒளிக்கிறான். கடைசி உயிருள்ள விசுவாசி, சாகிற மன்னனிடம் இரண்டாம் முறையும் அதே பொய்யைச் சொல்கிறான். மூன்றாம் முறை வாரைப் பிடியில் சுற்றிக்கட்டி, முடிந்தமட்டும் தூரமாக வீசுகிறான். தண்ணீருக்கு மேலே ஒரு கை எழுந்து, பிடித்து, மூன்று முறை ஆட்டிவிட்டு உள்ளே போகிறது.